மாட்டினால் போதாது, ஓட வேண்டும்: முதல் கேமிங் கணினிக்குப் பாகங்கள் தேர்ந்தெடுத்த அனுபவம்

கேமிங் கணினியை நாமே பாகம் பாகமாக வாங்கிச் சேர்ப்பதில் கையால் செய்யும் வேலை குறைவுதான். ஒரு ஸ்க்ரூடிரைவரும் நல்ல வெளிச்சமும் அவசரப்படாத மனமும் இருந்தால், மேனுவலைப் பார்த்துக்கொண்டே யாரும் செய்துவிடலாம். உண்மையான வேலை அதற்கு முன்பே, எந்தப் பாகம் எதனோடு சேரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. என் பெரியப்பா மகன் கணினி பழுது பார்க்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவர். நான் எழுதி வைத்திருந்த பாகங்களின் பட்டியலை அவரிடம் காட்டியபோது, ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, "எல்லாம் மாட்டிக்கும் தம்பி. ஆனா மாட்டிக்கிறது வேற, ஓடுறது வேற. ஓடினாலும் முழுசா ஓடுதான்னு பாக்கணும்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு பாகத்தையும் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டே தேர்ந்தெடுத்தேன். இடத்தில் பொருந்துகிறதா, பொருந்தியபின் மற்ற பாகங்கள் அதை அடையாளம் கண்டு இயங்குகின்றனவா, இயங்கும்போது அதற்குரிய முழுத் திறனும் கிடைக்கிறதா என்பவையே அக்கேள்விகள். பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள் என்பதால், மற்ற இரண்டையும் பற்றி விரிவாக எழுதுவது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

தேர்வை கிராபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்குவதே வழக்கம். நான் மானிட்டரிலிருந்து தொடங்கினேன். இன்றும் யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன். 1920×1080 திரையில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 2560×1440 திரையில் 37 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 3840×2160 திரையில் ஏறத்தாழ 83 லட்சமும் இருக்கின்றன. விளையாட்டின் ஒவ்வொரு பிரேமிலும் இத்தனை புள்ளிகளையும் கிராபிக்ஸ் கார்டு வரைந்தாக வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரின் முழுப் பயனையும் பெற வேண்டுமானால், அந்த வேலையை நொடிக்கு 144 முறை செய்ய வேண்டும். ஆகவே எந்தத் திரையில், எந்த வகை விளையாட்டை, எவ்வளவு வேகத்தில் ஆட விரும்புகிறோம் என்பதை முடிவு செய்யாமல் கார்டைத் தேர்ந்தெடுத்தால், ஒன்று கார்டின் திறன் வீணாகும், இல்லையேல் மானிட்டரின் திறன் வீணாகும். கதையோடு நகரும் பெரிய விளையாட்டுகளே எனக்குப் பிடித்தவை என்பதால் 2560×1440 அளவில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை உறுதி செய்துகொண்டேன். அதற்கேற்றதாக 12 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்து பிராசசர். கார்டுக்கும் பிராசசருக்கும் இடையே எது எதைத் தடுக்கிறது என்பதைச் சதவீதக் கணக்காகக் காட்டும் கணிப்பான்கள் இணையத்தில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் அந்தத் தடை விளையாட்டுக்கு விளையாட்டு மாறுகிறது. ஒரே விளையாட்டிலேயே திரையின் அளவை உயர்த்தினால் சுமை கார்டின் பக்கம் போகிறது. அளவைக் குறைத்து பிரேம் வேகத்தைக் கூட்டினால் பிராசசரின் பக்கம் வருகிறது. போட்டி விளையாட்டுகளை 1920×1080 திரையில் மிக உயர்ந்த பிரேம் வேகத்தில் ஆடுபவருக்கு வலுவான பிராசசர் தேவைப்படும். என்னைப் போல் 2560×1440 திரையில் காட்சித் தரத்தை உயர்த்தி வைத்து ஆடுபவருக்கு நடுத்தரப் பிராசசரே போதுமானது. 6 கோர்களும் 12 திரெட்களும் கொண்ட, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7600 என் தேவைக்குப் பொருத்தமாக இருந்தது. அதில் எளிய கிராபிக்ஸ் வசதியும் உள்ளேயே இருக்கிறது. கார்டில் ஏதேனும் சிக்கல் ஏற்பட்டால், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டின் வழியாகத் திரையைப் பார்த்துப் பிழையைக் கண்டறிய அது பெரிதும் உதவும். இன்டெல் பிராசசர்களில் பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் இந்த வசதி இல்லை என்று பொருள். ரைசன் 7500எஃப் பிராசசரிலும் இல்லை. தனி கார்டு வைத்திருப்பவருக்கு அது குறையல்ல என்றாலும், தெரிந்தே வாங்க வேண்டும்.

பிராசசரும் மதர்போர்டும் சேருமா என்பதை, பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டின் பெயரை வைத்தே பெரும்பாலோர் முடிவு செய்கிறார்கள். ரைசன் 7000 வரிசைக்கு 2022இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட், இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறை பிராசசர்களுக்கு எல்.ஜி.ஏ. 1700, அதன் பின் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851 என்பது வரை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் சாக்கெட் ஒன்றாக இருந்தும் சேராத சோடிகள் உண்டு. 2017இல் இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசர்களை வெளியிட்டபோது, அவற்றின் சாக்கெட்டும் முந்தைய இரண்டு தலைமுறைகளைப் போலவே எல்.ஜி.ஏ. 1151தான். பிராசசர் பழைய போர்டில் சரியாக உட்காரும், நெம்புகோலும் மூடும். ஆனால் கணினி இயங்காது, ஏனென்றால் அவற்றுக்கு, போர்டின் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் சில்லான சிப்செட் 300 வரிசையில் உள்ள போர்டு வேண்டும். பழைய பாகங்களை வாங்கிக் குறைந்த செலவில் கணினி சேர்க்க நினைப்பவர்கள் இந்தத் தலைமுறையை இன்றும் தேடுகிறார்கள் என்பதால் குறிப்பிட்டுச் சொல்கிறேன். அண்ணன் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சாக்கெட்டும் சிப்செட்டும் சரியாக இருந்தாலும், கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே பதிந்த மென்பொருளான பயாஸின் பதிப்பு என்ற மூன்றாவது நிபந்தனை இருக்கிறது. ஒரு மதர்போர்டு தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய நாளில் எந்தப் பிராசசர்களை அறிந்திருந்ததோ, அவற்றை மட்டுமே அது அடையாளம் காணும். 2024இல் வந்த ரைசன் 9000 வரிசை, 2022இல் வந்த பி650 போர்டுகளிலும் இயங்கும். ஆனால் பயாஸைப் புதுப்பித்த பிறகே இயங்கும். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் பிராசசர் ஆதரவுப் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் பிராசசரின் பெயருக்கு நேராக, எந்தப் பயாஸ் பதிப்பு முதல் அது ஏற்கப்படுகிறது என்று கொடுத்திருப்பார்கள். வாங்குவதற்கு முன் நான் முதலில் திறந்து படித்த பக்கம் அதுதான்.

புதிய பயாஸை ஏற்றுவதற்கே ஒரு பிராசசர் வேண்டும், அந்தப் பிராசசரை ஏற்பதற்கோ புதிய பயாஸ் வேண்டும் என்ற சிக்கலைத் தீர்க்க, பிராசசர் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்கும் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்ற வசதி பல போர்டுகளில் இருக்கிறது. முதல் முறை கணினி சேர்ப்பவர் இந்த வசதியுள்ள போர்டையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். என் போர்டின் பெட்டி கடையில் எவ்வளவு காலம் இருந்தது என்று தெரியாததால், பிராசசரைப் பொருத்துவதற்கு முன்பே இதைச் செய்து முடித்தேன். போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, 24 பின் மின்இணைப்பையும் பிராசசருக்கான 8 பின் இணைப்பையும் மட்டும் கொடுத்தேன். நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை, மேனுவலில் குறிப்பிட்ட பெயருக்கு மாற்றி, ஃபேட்32 முறையில் பார்மட் செய்த பென் டிரைவில் வைத்து, பின்புறத்தில் தனியாகக் குறியிட்டிருந்த யு.எஸ்.பி. துளையில் செருகினேன். பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்ததும் சிறிய விளக்கு ஒன்று மினுக்கத் தொடங்கியது. அது தானாக அணையும் வரை எதையும் தொடவில்லை. இடையில் மின்சாரம் நின்றால் போர்டே எழாமல் போகக்கூடும் என்பதால், மின்வெட்டு வராத நேரமாகப் பார்த்து இதைச் செய்வது நல்லது.

மதர்போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது விற்பனைத் தளத்தின் விவரக்குறிப்பை மட்டும் நம்பக்கூடாது என்பதை நேரடியாகவே பார்த்தேன். நான் முதலில் பார்த்த ஒரு தளத்தில், ஒரு போர்டின் படமும் அதன் கீழிருந்த விவரங்களும் வெவ்வேறு போர்டுகளுக்குரியவையாக இருந்தன. படத்தில் நான்கு ரேம் துளைகள், விவரத்திலோ இரண்டு. நிறுவனங்கள் பெயர் வைக்கும் முறையும் இந்தக் குழப்பத்துக்கு வழி செய்கிறது. எல்.ஜி.ஏ. 1700 போர்டுகளில் பெயர் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க, ஒன்று டி.டி.ஆர்.4 ரேமையும் மற்றொன்று டி.டி.ஆர்.5 ரேமையும் ஏற்கும்படி வெளியானவை பல உண்டு. பெயரின் கடைசி எழுத்து வரை சரிபார்த்து, அதே பெயருக்குரிய மேனுவலை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் படித்துவிட்டே பணம் செலுத்த வேண்டும். போர்டை வாங்காமலே அதன் மேனுவலைப் படிக்க முடியும் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை.

அந்த மேனுவலில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியவை அட்டவணைகளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்புகள். எம்.2 துளையில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால், ஹார்ட் டிஸ்க்கைக் கேபிளால் இணைக்கும் குறிப்பிட்ட சாட்டா துளைகள் செயலிழக்கும் என்ற குறிப்பு பல போர்டுகளின் மேனுவலில் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புதிய கணினிக்குக் கொண்டுவருபவர் அதை அறியாமல் அந்தத் துளையில் செருகினால், டிஸ்க் கெட்டுவிட்டது என்றே நினைப்பார். எம்.2 வடிவத்திலேயே சாட்டா முறையில் இயங்கும் எஸ்.எஸ்.டி.களும் என்.வி.எம்.இ. முறையில் இயங்குபவையும் இருக்கின்றன. முன்னது நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வேகத்தோடு நின்றுவிடும், பின்னது பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4.0 துளையில் 7000 எம்பி வரை எட்டும். எல்லா எம்.2 துளைகளும் இரண்டு முறைகளையும் ஏற்பதில்லை. 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் கொண்ட 2280 அளவே பரவலானது என்பதால் நீளத்தில் பெரும்பாலும் சிக்கல் வராது. சேமிப்பகத்தைப் பற்றி இதற்கு மேல் கவலைப்படத் தேவையில்லை.

சிப்செட் விஷயத்தில் ஒரு சொல். விலை குறைந்த சிப்செட் என்றால் தரம் குறைந்தது என்று பொருளல்ல. எதைத் தடுத்திருக்கிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும். இன்டெலில் பிராசசரின் வேகத்தைக் கையால் உயர்த்த இசட் வரிசைச் சிப்செட் வேண்டும்; எச்610 போர்டில் ரேமின் வேகத்தையும் உயர்த்த முடியாது. ஏ.எம்.டி.யின் பி650 இரண்டையும் அனுமதிக்கிறது. எனக்கு பிராசசரின் வேகத்தைக் கூட்டும் எண்ணம் இல்லை. ஆனாலும் ரேம் அதன் முழு வேகத்தில் இயங்க வேண்டும், பின்னாளில் வலுவான பிராசசர் ஒன்றை அதே போர்டில் பொருத்த இடம் இருக்க வேண்டும் என்பதால், பி650 சிப்செட் கொண்ட, மைக்ரோ ஏ.டி.எக்ஸ். என்ற சிறிய அளவுப் போர்டை எடுத்தேன்.

ரேமைப் பொறுத்தவரை, மூன்றாவது கேள்வியே, அதாவது முழுத் திறனும் கிடைக்கிறதா என்பதே, முக்கியமானது. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 பின்கள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றை மற்றதன் துளையில் செருக முடியாது. ஏ.எம்.5 போர்டுகள் டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்கும். இதுவரை எளிது. ரேமின் பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருந்தாலும், செருகியவுடன் அது 4800 போன்ற அடிப்படை வேகத்தில்தான் இயங்கும். பயாஸுக்குள் சென்று எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் பெட்டியில் போட்ட வேகம் கிடைக்கும். இன்டெல் போர்டுகளில் இதே வேலையைச் செய்வது எக்ஸ்.எம்.பி. இதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் ஏராளம் என்று அண்ணன் சொன்னார். அவர் கைக்கு வரும் கணினிகளில் அவர் முதலில் திறந்து பார்ப்பதே அதைத்தான்.

ரேமின் எண்ணிக்கையும் அதே அளவுக்கு முக்கியம். 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபி ரேம் இரண்டை ஒரே பெட்டியில் சோடியாக விற்பதையே வாங்க வேண்டும். ஒரே நிறுவனத்தின், ஒரே பெயருள்ள ரேமை இரண்டு முறை தனித்தனியாக வாங்கினால்கூட உள்ளிருக்கும் சில்லுகள் வேறாக இருக்கக்கூடும். நான்கு துளைகளும் இருக்கின்றனவே என்று நான்கையும் நிரப்பினால் வேகம் கூடாது, குறையும். ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. அறிவித்துள்ள ரேம் வேகம் இரண்டு ரேம்களுக்கு 5200 என்றால், நான்குக்கு 3600தான். எக்ஸ்போ அமைப்பின் மூலம் இரண்டு ரேம்கள் 6000 வேகத்தில் இயல்பாக இயங்குகின்றன. நான்கு ரேம்கள் அந்த வேகத்தில் நிலையாக இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பொதுவாக இரண்டு ரேம்களை பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் செருக வேண்டும். போர்டு நிறுவனம் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல் ஒன்றும் அதன் தளத்தில் இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத ரேம் இயங்காது என்பதில்லை. ஆனால் முதல் முறை சேர்ப்பவருக்குப் பட்டியலிலிருந்து எடுப்பது ஒரு கவலையைக் குறைக்கும். நான் அப்படியே செய்தேன்.

இனி அளவுகள். கூலர், ரேம், கேபினட், கிராபிக்ஸ் கார்டு ஆகிய நான்கும் ஒன்றின் இடத்தை ஒன்று பறிக்கக்கூடியவை என்பதால் இவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ரைசன் 5 7600 பிராசசரோடு ஒரு சிறிய கூலர் பெட்டியிலேயே வருகிறது. அதுவே வேலைக்குப் போதும். ஆனால் நீண்ட நேரம் விளையாடும்போது சத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்று கோபுர வடிவக் கூலர் ஒன்றை வாங்கினேன். இத்தகைய கூலர்கள் பெரும்பாலும் 155 முதல் 165 மி.மீ. உயரம் இருக்கும். கேபினட்டின் விவரக்குறிப்பில் அது ஏற்கும் கூலரின் உச்ச உயரம் கொடுத்திருப்பார்கள். கூலரின் உயரம் அதைவிடக் குறைவாக இருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் கூலரின் முன்விசிறி ரேமின் மேல் தொங்கும் வடிவமாக இருந்தால் கணக்கு மாறும். ஒளிரும் விளக்கும் அலங்கார மூடியும் கொண்ட ரேம்கள் உயரமானவை. அவற்றின் மேல் விசிறி இடிக்கும்போது அதைச் சற்று மேலே நகர்த்தி மாட்ட வேண்டியிருக்கும். அப்போது விசிறி உயர்ந்த அளவுக்கு மொத்த உயரமும் கூடி, கேபினட்டின் பக்கக் கதவை மூட முடியாமல் போகலாம். என் கூலருக்கும் கதவுக்கும் இடையே 7 மி.மீ. மட்டுமே மிச்சம் என்று கணக்கிட்டதால், விளக்கில்லாத உயரம் குறைந்த ரேமையே எடுத்தேன். பொருத்தி முடித்தபோது ரேமின் மேல்விளிம்புக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை நுழையும் இடைவெளிதான் இருந்தது.

கூலரைப் பிடித்து நிறுத்தும் சட்டமும் சாக்கெட்டுக்குச் சாக்கெட் வேறுபடும். ஏ.எம்.டி.யின் முந்தைய சாக்கெட்டான ஏ.எம்.4 போர்டோடு வரும் பின்தகட்டையே பயன்படுத்திக்கொள்ளும் கூலர்கள் ஏ.எம்.5 போர்டிலும் பொருந்தும். தனக்கென்று வேறு பின்தகடு கேட்கும் கூலர்கள் பொருந்தாது, ஏனென்றால் ஏ.எம்.5 சாக்கெட்டின் பின்தகட்டைக் கழற்ற முடியாது. இன்டெலில் எல்.ஜி.ஏ. 1700 வந்தபோது திருகு துளைகளின் இடைவெளியே மாறிவிட்டது. பழைய கூலரை வைத்திருப்பவர் அதன் நிறுவனத்திடம் புதிய சட்டம் கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு நீளத்தைப் போலவே தடிமனும் பார்க்க வேண்டும். கேபினட் 330 மி.மீ. கார்டை ஏற்கும் என்று போட்டிருந்தால், முன்பக்கம் தண்ணீர்க் கூலரின் ரேடியேட்டர் இல்லாத நிலையில் சொல்லப்பட்ட அளவாகவே அது பெரும்பாலும் இருக்கும். 27 மி.மீ. தடிமனுள்ள ரேடியேட்டரையும் 25 மி.மீ. தடிமனுள்ள விசிறியையும் முன்னால் வைத்தால் 52 மி.மீ. அதிலிருந்து கழிந்துவிடும். இரண்டரைத் துளை, மூன்று துளை இடத்தை அடைக்கும் கார்டுகள் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டின் கீழ்ப்பகுதியை முழுவதும் மூடிவிடுகின்றன. கீழ்விளிம்பில் இருக்கும் யு.எஸ்.பி., ஆடியோ, விசிறி இணைப்புகளைக் கார்டு வைப்பதற்கு முன்பே செருகிவிட வேண்டும். பின்னர் விரல் நுழையாது. கேபினட்டின் முன்புறம் டைப்-சி துளை இருந்தால், அதற்கான தனி இணைப்பு போர்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தத் துளை வெறும் அலங்காரம்தான்.

கார்டு செருகப்படும் துளை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் எந்தப் பதிப்பாக இருந்தாலும் கார்டு இயங்கும் என்பது உண்மை. ஆனால் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு, அந்தத் துளையில் தரவு செல்லும் 16 பாதைகளில் 8ஐ மட்டுமே பயன்படுத்துகிறது, ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. 4 பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. பழைய 3.0 போர்டில் இவற்றைப் பொருத்தினால் பாதையும் குறைவு, வேகமும் குறைவு என்றாகி, குறிப்பாகப் பின்னதில், பிரேம் வேகம் நன்றாகவே விழும். பழைய கணினிக்குக் கார்டை மட்டும் புதிதாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

பவர் சப்ளையில் சிக்கனம் பார்க்கக்கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் தேவையைவிட இரண்டு மடங்கு வாங்குவதும் தேவையில்லை. ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டின் மின்தேவை 200 வாட். ரைசன் 5 7600 அதிகபட்சம் 88 வாட் எடுக்கும். போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., விசிறிகள் எல்லாவற்றுக்கும் 60 வாட் என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 350 வாட் அளவில்தான் வருகிறது. அப்படியிருந்தும் இந்தக் கார்டுக்கு 650 வாட் சப்ளையை என்விடியா பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. விளையாட்டின் நடுவே கார்டு கண நேரத்துக்குத் தன் சராசரியைவிட அதிகமாக மின்சாரத்தை இழுக்கும். அந்த ஏற்றத்தைத் தாங்காத சப்ளை தன்னைக் காத்துக்கொள்ளக் கணினியையே அணைத்துவிடும். எனவே 650 வாட்டையே எடுத்தேன். 80 பிளஸ் கோல்டு, புரோன்ஸ் போன்ற முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. உள்ளிருக்கும் பாகங்களின் தரத்தையோ பாதுகாப்பையோ அவை சொல்வதில்லை.

வாட் கணக்கைவிட நான் அதிக நேரம் செலவிட்டது இணைப்புகளைப் பார்ப்பதில்தான். போர்டின் துளை 75 வாட் தரும். ஒரு 8 பின் இணைப்பு 150 வாட் தரும். 4070 கார்டுகளில் சில ஒரே ஒரு 8 பின் இணைப்போடு வருகின்றன, சில 16 பின் கொண்ட புதிய இணைப்போடு வருகின்றன. வாங்கப்போகும் கார்டில் எது இருக்கிறது, சப்ளையில் அதற்குரிய கேபிள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய 16 பின் இணைப்பை, துளைக்கும் கேபிளுக்கும் நடுவே இடைவெளி தெரியாத அளவுக்கு முழுமையாக அழுத்திச் செருக வேண்டும். செருகுமிடத்திலேயே மடக்கவும் கூடாது. கேபினட்டின் கதவு அந்தக் கேபிளை அழுத்தும் நிலை இருந்தால் அகலமான கேபினட்டைத் தேடுவதே சரி. பிராசசருக்கான 8 பின் கேபிளும் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேறு. முன்னது நான்கும் நான்குமாகவும் பின்னது ஆறும் இரண்டுமாகவும் பிரியும் என்பதை வைத்து அடையாளம் காணலாம்.

இதில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட சப்ளைகளில், கணினிப் பாகத்தின் பக்கம் செருகும் முனை எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுதான். சப்ளையின் பக்கம் செருகும் முனையின் மின்வரிசைக்கு அத்தகைய பொது வரையறை கிடையாது. பழைய சப்ளையின் கேபிள் புதிய சப்ளையில் தடையில்லாமல் நுழையும். ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய், இணைத்திருக்கும் டிஸ்க் நொடியில் கருகிவிடலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையே கூட இது மாறலாம். ஆகவே சப்ளையோடு வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள். மிஞ்சிய கேபிள்களைச் சப்ளையின் மாடல் பெயர் எழுதிய பையில் போட்டு வையுங்கள்.

எல்லாம் சேர்ந்தபின் முதல் முறை இயக்கும்போது திரை கறுப்பாகவே இருந்தால் உடனே பதற வேண்டாம். ஏ.எம்.5 போர்டுகள் முதல் இயக்கத்தில் ரேமைப் பரிசோதித்து அதற்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்கின்றன. என் கணினியிலும் விசிறிகள் சுழல, போர்டின் ஓரத்தில் ரேமுக்குரிய விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. முன்பே படித்திருந்ததால் காத்திருந்தேன், பின்னர் பயாஸ் திரை வந்தது. அந்த நேரத்தில் கணினியை அணைத்து அணைத்துப் போட்டால் பரிசோதனை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பிராசசர், ரேம், கார்டு, சேமிப்பகம் என்று நான்கு சிறு விளக்குகள் கொண்ட போர்டு கிடைத்தால் விட வேண்டாம். எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதை அவை சொல்லிவிடும்.

விண்டோஸ் 11 நிறுவ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. இந்தத் தலைமுறையில் அது பிராசசரிலேயே அடங்கியிருந்து பயாஸ் வழியாக இயங்குவதால் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. நிறுவி முடித்ததும் விளையாட்டைத் திறப்பதற்கு முன், பாகங்கள் எல்லாம் தம் முழுத் திறனில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில் ரேமின் வேகம் 6000 என்று காட்டுகிறதா, இரண்டு ரேம்களும் தெரிகின்றனவா, கார்டு 16 பாதைகளில் இயங்குகிறதா, மானிட்டர் கேபிள் போர்டில் அல்லாமல் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று வரிசையாகச் சரிபார்த்தேன். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் 60 ஹெர்ட்ஸில் வைத்திருப்பது மிகச் சாதாரணம். டிஸ்ப்ளே அமைப்பில் சென்று மாற்ற வேண்டும். அதன் பிறகு ரேமைச் சோதிக்கும் மென்பொருளை ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டேன். எக்ஸ்போ வேகத்தில் ஒரு பிழை காட்டினாலும், கடையில் மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் அந்த ரேமை மாற்றிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். பிழை எதுவும் வரவில்லை.

அடுத்த மாற்றத்துக்கான இடத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது எம்.2 துளை காலியாக இருக்கிறது, அதனால் எந்தச் சாட்டா துளையும் அடைபடாது என்பதை மேனுவலில் உறுதி செய்துகொண்டேன். நினைவகம் போதாவிட்டால் இருக்கும் இரண்டு ரேம்களோடு மேலும் இரண்டைச் சேர்க்காமல், இவற்றை எடுத்துவிட்டு 32 ஜிபி ரேம் இரண்டு கொண்ட சோடியைப் போடுவேன். புதிய தலைமுறைப் பிராசசர் வாங்கினால், பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்து, அதன் பிறகே நெம்புகோலைத் தூக்குவேன்.